டெஸ்க்டாப்பில் வருகிற நெட்டைப் பக்கத்து கம்ப்யூட்டருக்குக் கொடுக்க ஐபி முகவரி எதை எங்கே போடுவது?

மாடிவீட்டுக்காரன் – ஞாயிறு காலை 10.40

வணக்கம். இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் இங்கே வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் நெட் பெட்டி கீழே ஹாலில் இருக்கிறது. மாடி அறையில் என் டெஸ்க்டாப், விண்டோஸ் 10. அதில் யூஎஸ்பி வைஃபை குச்சி ஒன்று செருகி கீழே இருக்கிற வைஃபையைப் பிடித்துக்கொள்கிறேன், நெட் குறையில்லாமல் வருகிறது. அதே மேசையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் இருக்கிறது, விண்டோஸ் 7. கடைக் கணக்கு மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடுகிறது என்பதால் தூக்கிப்போட மனசு வரவில்லை. அதில் வைஃபை கிடையாது, லேன் போர்ட் மட்டும் உண்டு. டெஸ்க்டாப்பிலும் லேன் போர்ட் சும்மாதான் கிடக்கிறது. சரி, இரண்டுக்கும் நடுவே ஒரு லேன் கேபிள் போட்டால் டெஸ்க்டாப்பில் வருகிற நெட் அதற்கும் போய்விடும், அங்கிருந்தே பில்லை மெயிலில் அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு வீடியோ பார்த்தேன். டெஸ்க்டாப்பின் லேன் கார்டில் 192.168.1.50 என்று ஐபி போடு, மாஸ்க் 255.255.255.0, கேட்வே, அதாவது வெளியே போகிற வாசல், 192.168.1.1 என்றார் அவர். போட்டேன். அடுத்த நிமிடம் டெஸ்க்டாப்பில் இருந்த நெட்டும் போய்விட்டது! கேபிளைப் பிடுங்கினால் நெட் திரும்ப வருகிறது, செருகினால் போகிறது.

இன்னொரு இடத்தில் ஷேரிங் டேப்பில் டிக் போடச் சொல்லியிருந்தார்கள். போட்டதும் உங்கள் லேன் அடாப்டர் 192.168.137.1 என்று மாற்றப்படும், மற்ற கம்ப்யூட்டர்களோடு தொடர்பு போகலாம், சம்மதமா என்று ஒரு பெட்டி வந்தது. பயமாக இருந்தாலும் சரி கொடுத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் நான் போட்ட 50 காணாமல் போய் 137.1 உட்கார்ந்திருந்தது. இது என்னடா புது நம்பர், என் பெட்டியின் நம்பர் 192.168.1 அல்லவா என்று மறுபடி 1.50 ஆக்கிவிட்டேன். அதன் பிறகு பழைய கம்ப்யூட்டரில் ஐபி தானாக எடுத்துக்கொள் என்று வைத்தாலும் 169.254 என்று ஏதோ ஒன்று வருகிறது, மஞ்சள் முக்கோணத்தோடு.

எந்த கம்ப்யூட்டரில் எந்த நம்பர் போட வேண்டும் என்று யாராவது தெளிவாகச் சொல்லுங்களேன்.

வயர்மேன்77 – ஞாயிறு காலை 11.05

பாதியை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், அப்புறம் கையை வைத்துக் கலைத்துவிட்டீர்கள். அந்த 137.1 சரியான நம்பர்தான்.

ஊகத்தில் எதுவும் சொல்லக்கூடாது என்பதால் ஒன்று செய்யுங்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடித்து, எந்த அடாப்டருக்கு என்ன ஐபி, என்ன கேட்வே வருகிறது என்று இங்கே எழுதுங்கள். எல்லாம் வீட்டுக்குள் இருக்கிற நம்பர்கள்தான், எழுதினால் ஆபத்தில்லை. பழைய கம்ப்யூட்டரில் மட்டும் கூடவே சாய்கோடு போட்டு ஆல் என்று சேர்த்து அடியுங்கள், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் வரியும் தெரியும். அந்த வரி பின்னால் உதவும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பழைய சென்டர் – ஞாயிறு பகல் 12.30

அந்த வீடியோக்காரரைத் திட்டாதீர்கள், இந்த விஷயத்தில் குழப்பத்துக்கு ஒரு வரலாறே இருக்கிறது. நான் சின்னதாக ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தவன். ஒரே ஒரு டெலிபோன் லைன், ஒரு 56கே மோடம், நாலு கம்ப்யூட்டர். மோடம் செருகிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு, 1999-ல் வந்தது. இந்த ஷேரிங் வசதியை மைக்ரோசாஃப்ட் முதன்முதலில் கொடுத்தது அதில்தான். அப்போதெல்லாம் ஷேர் செய்கிற கம்ப்யூட்டருக்கு 192.168.0.1 என்று விண்டோஸே முகவரி போட்டுக்கொள்ளும், மற்ற மூன்றும் 0.2, 0.3 என்று ஏதாவது ஒன்றை வாங்கிக்கொள்ளும். எக்ஸ்பி, விஸ்டா வரைக்கும் இதே கதைதான்.

பிறகு பிராட்பேண்ட் வந்ததும் வம்பும் சேர்ந்து வந்தது. வீட்டுக்கு வருகிற மோடத்தின் முகவரியே 192.168.0.1 அல்லது 192.168.1.1. மோடம் 0.1, கம்ப்யூட்டரும் 0.1. ஒரே ஊரில் இரண்டு காந்தி தெரு, இரண்டிலும் ஒன்றாம் நம்பர் வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? எக்ஸ்பி சில சமயம் இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, ஷேரிங் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். சொல்லாமல் சும்மா இருந்த நாட்களில்தான் எனக்கு முடி கொட்டியது. விண்டோஸ் 7 வந்தபோது, அதாவது 2009-ல், அந்த எண்ணை 192.168.137.1 என்று மாற்றினார்கள். 137 என்று பொதுவாக மோடக் கம்பெனிகள் வைப்பதில்லை, அதனால் மோதல் குறைந்தது. இன்று விண்டோஸ் 10, 11-லும் அதேதான். மொபைல் ஹாட்ஸ்பாட் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதுவும் உள்ளே இதே 137.1-தான்.

ஆக பழைய பாடத்தைப் படித்தவர் 0.1 என்பார், புதிதாகப் படித்தவர் 137.1 என்பார், எதையும் படிக்காதவர் உங்கள் ரவுட்டர் நம்பரையே போடு என்பார். மூன்றாமவர் மட்டும்தான் தப்பு.

மாடிவீட்டுக்காரன் – ஞாயிறு பகல் 2.15

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். இதோ.

டெஸ்க்டாப், வைஃபை: ஐபி 192.168.1.34, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1.
டெஸ்க்டாப், லேன்: ஐபி 192.168.1.50, மாஸ்க் அதே, கேட்வே 192.168.1.1.
பழைய கம்ப்யூட்டர், லேன்: ஐபி 169.254.113.20, மாஸ்க் 255.255.0.0, கேட்வே காலி. டிஎன்எஸ் என்ற இடத்தில் நான் பார்த்தே இராத இரண்டு நம்பர்கள். அந்த கம்ப்யூட்டர் முன்பு கடையில் வேறொரு நெட் கனெக்‌ஷனில் இருந்தது, அந்தக் காலத்தில் யாராவது போட்டிருப்பார்கள்.

இன்னொன்று, ஷேரிங்கில் டிக் இப்போதும் இருக்கிறது. எடுக்கவில்லை.

வயர்மேன்77 – ஞாயிறு பகல் 3.00

எழுதியது நல்லதாகப் போயிற்று, எல்லாம் தெரிகிறது.

முதலில் கேபிள் செருகினால் நெட் போவது ஏன் என்று பார்ப்போம். மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்கள் தெருப் பெயர், கடைசி எண் கதவு எண். உங்கள் வைஃபையும் 192.168.1 தெரு, லேன் கேபிளையும் 192.168.1 தெரு என்று நீங்களே அறிவித்துவிட்டீர்கள். இப்போது 192.168.1.1-க்குப் போக வேண்டும் என்றால் விண்டோஸுக்கு இரண்டு வாசல் தெரிகிறது. கேபிள் பொதுவாக வைஃபையைவிட வேகம் என்பதால் விண்டோஸ் கேபிள் வாசலுக்குத்தான் முன்னுரிமை கொடுக்கும். அந்தப் பக்கம் 1.1 என்று யாரும் இல்லை, பழைய கம்ப்யூட்டர் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோகிறது. இதுதான் உங்கள் நெட் போன கதை. கேட்வேயை இரண்டு அடாப்டரிலும் போட்டது இன்னும் மோசம். நெட் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த அடாப்டரில் மட்டும்தான் கேட்வே இருக்க வேண்டும்.

அடுத்தது 169.254. அது யாரும் கொடுத்த முகவரி இல்லை. எனக்கு ஒரு முகவரி கொடுங்கள் என்று கேட்டு, யாரும் பதில் சொல்லாததால் அந்த கம்ப்யூட்டர் தானே வைத்துக்கொண்ட பெயர். 169.254 என்று எங்கே பார்த்தாலும் கேட்டும் கிடைக்கவில்லை என்று படித்துக்கொள்ளுங்கள், பாதி வேலை மிச்சம். ஏன் கிடைக்கவில்லை? ஷேரிங் போட்டதும் உங்கள் டெஸ்க்டாப்பே ஒரு குட்டி டிஎச்சிபி சர்வராகி 192.168.137 தெருவில் கதவு எண்களை விநியோகிக்கத் தயாராக இருந்தது. நீங்கள் லேன் கார்டை 1.50 ஆக்கியதும், நான் விநியோகிக்கிற தெருவிலேயே நான் குடியிருக்கவில்லையே என்று அது கடையைச் சாத்திவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் தேடிப் பாருங்கள், இந்த ஐபி முகவரி விநியோக எல்லைக்கு வெளியே இருப்பதால் டிஎச்சிபி விநியோகத்தை நிறுத்திக்கொள்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி நிச்சயம் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி என்சிபிஏ, புள்ளி, சிபிஎல் என்று அடித்தால் அடாப்டர்கள் இருக்கிற பக்கம் திறக்கும். வைஃபையை வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங் டேப், அங்கே இருக்கிற டிக்கை எடுத்து ஓகே. பிறகு லேனுக்குப் போய் ஐபிவி4-ல் இரண்டையும் தானாக எடுத்துக்கொள் என்று வையுங்கள், ஐபியையும் டிஎன்எஸ்ஸையும். அடுத்து மறுபடி வைஃபைக்கு வந்து டிக் போடுங்கள். கீழே எந்த அடாப்டருக்குப் பகிர வேண்டும் என்று கேட்டால் லேனைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி ஏதாவது போட்டிருந்தால் அதன் பொய் அடாப்டரும் அந்தப் பட்டியலில் நிற்கும், அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒரு மணி நேரம் தேடியவர்களை எனக்குத் தெரியும், சரி, அது நான்தான். டிக் போட வேண்டியது நெட் வருகிற அடாப்டரில், நெட் போகிற அடாப்டரில் இல்லை. நிறைய பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

அந்தப் பெட்டி மறுபடி பயமுறுத்தும். ஆம் என்று சொல்லிவிட்டு லேன் பக்கத்தை அப்புறம் தொடவே தொடாதீர்கள். அங்கே 192.168.137.1, மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி என்று இருக்கும். கேட்வே காலியாக இருக்கிறதே, பாவம் என்று நிரப்பிவிடாதீர்கள்.

பழைய கம்ப்யூட்டரில் ஐபியும் டிஎன்எஸ்ஸும் இரண்டுமே தானாக. அவ்வளவுதான்.

கேபிள் ராஜா – ஞாயிறு பகல் 3.40

இவ்வளவு சுற்று எதற்கு ப்ரோ? அடாப்டர் பக்கத்தில் வைஃபையையும் லேனையும் சேர்த்து செலக்ட் பண்ணி வலது க்ளிக் செய்து ப்ரிட்ஜ் கொடுத்தால் முடிந்தது. பழைய கம்ப்யூட்டருக்கும் நேராக 192.168.1 முகவரியே வந்துவிடும், 137 தலைவலியே இல்லை.

வயர்மேன்77 – ஞாயிறு மாலை 4.10

இரண்டு பக்கமும் லேன் கேபிளாக இருந்தால் உங்கள் யோசனை அருமை, நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். இங்கே ஒரு பக்கம் வைஃபை. வைஃபையில் உங்கள் குச்சி ஃபைபர் பெட்டியிடம் தன் மேக் முகவரியை, அதாவது கருவியோடு வருகிற அடையாள எண்ணை, சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறது. அதே குச்சி வழியாகப் பழைய கம்ப்யூட்டரின் மேக் முகவரியோடு ஒரு பொட்டலம் போனால், நீ யார் என்று பெட்டி தள்ளிவிடும். சில குச்சிகள், சில பெட்டிகளில் தந்திரமாக வேலை செய்யும், பலவற்றில் செய்யாது. ஷேரிங்கில் இந்தச் சிக்கல் இல்லை. வெளியே போகிற எல்லாமே டெஸ்க்டாப்பின் பெயரில்தான் போகும், பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருப்பதே கீழே இருக்கிற பெட்டிக்குத் தெரியாது.

மாடிவீட்டுக்காரன் – ஞாயிறு மாலை 6.20

சொன்னபடியே செய்தேன். பழைய கம்ப்யூட்டரில் 192.168.137.67 என்று வந்திருக்கிறது, கேட்வே 192.168.137.1! ஏன் 2 வராமல் 67 வந்தது என்று தெரியவில்லை, வந்ததே போதும். ஈவென்ட் வியூவரிலும் போய்ப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அந்த வரி நிஜமாகவே இருக்கிறது, நேற்று ராத்திரி தேதியில் மூன்று தடவை.

ஆனால் பிரௌசர் எதையும் திறக்க மாட்டேன் என்கிறது. தளத்தைக் காணவில்லை என்று வருகிறது. 8.8.8.8 என்ற கூகுள் சர்வருக்கு பிங் அடித்தேன், பதில் வருகிறது. பதில் வந்தால் நெட் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பழைய சென்டர் – ஞாயிறு மாலை 6.45

நெட் இருக்கிறது, டெலிபோன் டைரக்டரி இல்லை. எண்ணைச் சொன்னால் போகிறது, பெயரைச் சொன்னால் முழிக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். ஐபியைத் தானாக என்று மாற்றிவிட்டு அதற்குக் கீழே இருக்கிற இன்னொரு வட்டத்தை விட்டிருப்பீர்கள். விண்டோஸில் அது தனி, இது தனி. கடையில் இருந்த காலத்து நம்பர்கள் அங்கேயே கிடக்கின்றன. பல நெட் கம்பெனிகளின் டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் சொந்த வாடிக்கையாளருக்கு மட்டும்தான் பதில் சொல்லும், வேறு கனெக்‌ஷனிலிருந்து கேட்டால் வாயைத் திறக்காது.

அதையும் தானாக ஆக்குங்கள். ஆக்கினால் டிஎன்எஸ் என்ற இடத்தில் 192.168.137.1 என்றே வரும், டெஸ்க்டாப் கேள்வியை வாங்கித் தான் போய்க் கேட்டுவந்து சொல்லும்.

மாடிவீட்டுக்காரன் – ஞாயிறு இரவு 7.30

நீங்கள் சொன்னது போலவே அந்த வட்டத்தைத் தொடாமல் விட்டிருக்கிறேன். மாற்றினேன். இப்போது தளம் கிடைக்கிறது, ஆனால் எதைத் திறந்தாலும் இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல, சான்றிதழ் செல்லாது என்று சிவப்பாக வருகிறது. மெயிலும் அப்படியே. இதற்கும் ஐபிக்கும் சம்பந்தம் உண்டா?

பழைய சென்டர் – ஞாயிறு இரவு 7.42

வலது கீழ் மூலையில் தேதி என்ன காட்டுகிறது?

மாடிவீட்டுக்காரன் – ஞாயிறு இரவு 7.50

1 ஜனவரி 2009. அடக்கடவுளே.

பழைய சென்டர் – ஞாயிறு இரவு 8.10

மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அது செத்துவிட்டது. கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் 2009-க்குப் போய்விடுகிறது, இன்றைய சான்றிதழ்களைப் பார்த்து இவை இன்னும் பிறக்கவே இல்லையே என்கிறது. இப்போதைக்குத் தேதியைக் கையால் சரிசெய்யுங்கள், நாளைக்கு பேட்டரியை மாற்றுங்கள்.

தேதி சரியான பிறகும் சில தளங்கள் முரண்டு பிடித்தால் அது பிரௌசரின் வயசு. விண்டோஸ் 7-க்கு க்ரோம் 109-தான் கடைசி. அந்த விண்டோஸுக்கே 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் கை கழுவிவிட்டது. கணக்கு, மெயில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பேங்க் வேலையெல்லாம் அந்த கம்ப்யூட்டரில் வேண்டாம் தம்பி.

ஹாஸ்டல் 14 – ஞாயிறு இரவு 9.30

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் ஏறக்குறைய இதே கேள்வி, ஆனால் நான் எதையும் கையால் போடவே இல்லை. ரூம்மேட் தன் விண்டோஸ் லேப்டாப்பில் மொபைல் ஹாட்ஸ்பாட் போடுகிறான், என் லேப்டாப் அதைப் பிடிக்கிறது. என் லேப்டாப்பின் லேன் போர்ட்டிலிருந்து என் ப்ராஜெக்ட் போர்டுக்கு நெட் கொடுக்க வேண்டும். இங்கே சொன்ன மாதிரியே வைஃபையில் ஷேரிங் டிக் போட்டால் என் லேப்டாப்பிலேயே நெட் போய்விடுகிறது. என் போனின் ஹாட்ஸ்பாட்டைப் பிடித்துக்கொண்டு செய்தால் மட்டும் எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. போனுக்கும் லேப்டாப்புக்கும் என்ன வித்தியாசம்?

வயர்மேன்77 – ஞாயிறு இரவு 10.15

நல்ல கேள்வி, இதுவும் அதே காந்தி தெரு வியாதிதான். ரூம்மேட்டின் ஹாட்ஸ்பாட்டும் விண்டோஸ், அவன் 192.168.137.1. உனக்கு அவன் கொடுத்த முகவரி 192.168.137 ஏதோ ஒன்று. இப்போது நீ ஷேர் செய்ததும் உன் லேன் கார்டும் 192.168.137.1 ஆகிவிடுகிறது. நீ அவனைத் தேடிப்போனால் உன் வீட்டுக்கே திரும்பி வருகிறாய். போன்கள் வேறு எண் வைத்திருக்கும். ஐபோன் என்றால் 172.20.10.1, ஆண்ட்ராய்டில் பல காலம் 192.168.43.1 இருந்தது. லினக்ஸ் ஷேர் செய்தால் 10.42.0.1, மேக் என்றால் 192.168.2.1. அதனால்தான் போனோடு மோதவில்லை.

உன் பக்கத்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ், ஷேர்டுஅக்சஸ், பாராமீட்டர்ஸ் என்று இறங்கு. அங்கே ஸ்கோப்அட்ரஸ் என்று ஒரு வரி இருக்கும், மதிப்பு 192.168.137.1. அதை 192.168.138.1 ஆக்கு. மாற்றுவதற்கு முன் டிக்கை எடுத்துவிட்டு, மாற்றிய பிறகு மறுபடி போடு. அதே இடத்தில் ஸ்டாண்ட்அலோன்டிஎச்சிபிஅட்ரஸ் என்று இன்னொன்றும் இருக்கும், அது ஹாட்ஸ்பாட்டுக்கானது, உன் ஹாட்ஸ்பாட்டையும் பயன்படுத்துவாய் என்றால் மட்டும் மாற்று.

என்ன எண் வேண்டுமானாலும் போடலாமா என்று அடுத்துக் கேட்பாய். கூடாது. வீட்டுக்குள் வைத்துக்கொள்ள என்று ஒதுக்கியவை மூன்றே வரிசைகள்: 10-ல் தொடங்குபவை எல்லாம், 172.16-லிருந்து 172.31 வரை, அப்புறம் 192.168. 1996-லேயே ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். இதற்கு வெளியே போய் அழகாக இருக்கிறதே என்று 50.50.50.1 போட்டால், அந்த எண் உலகத்தில் வேறு யாருக்கோ சொந்தம், அவர்கள் தளம் உனக்கு ஆயுளுக்கும் திறக்காது.

ஹாஸ்டல் 14 – ஞாயிறு இரவு 11.20

138 வேலை செய்கிறது அண்ணே. போர்டுக்கு முகவரி வந்துவிட்டது. ரூம்மேட்டிடம் நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிட்டேன்.

மாடிவீட்டுக்காரன் – திங்கள் இரவு 8.40

பேட்டரி மாற்றியாயிற்று, மெயில் போகிறது, கடைப் பையன் முதல் பில்லை அனுப்பிவிட்டான். எல்லோருக்கும் நன்றி. ஆனால் இன்னும் இரண்டு பிடுங்கல்.

ஒன்று, இன்று மதியம் கரண்ட் போய் வந்தது. டெஸ்க்டாப் திரும்ப எழுந்ததும் அதில் நெட் இருக்கிறது, பழையதில் இல்லை. ஷேரிங் பக்கம் போனால் டிக் இருக்கிறது! எடுத்துவிட்டு மறுபடி போட்டால் வருகிறது. ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய முடியாது, நான் கடையில் இருக்கும்போது வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

இரண்டு, மேசையில் லேன் போர்ட் உள்ள பிரிண்டர் ஒன்றும் இருக்கிறது. பல லேன் கேபிளைச் சேர்க்கிற சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று வாங்கி டெஸ்க்டாப், பழையது, பிரிண்டர் மூன்றையும் கோர்த்தால் சரியாகுமா? அதற்கு என்ன முகவரி? கீழே போனிலிருந்தும் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று வீட்டில் ஆர்டர்.

வயர்மேன்77 – திங்கள் இரவு 9.30

முதல் பிடுங்கல் உங்கள் தப்பு இல்லை. விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பிலிருந்து இப்படித்தான், ரீபூட்டுக்குப் பிறகு டிக் இருக்கும், வேலை இருக்காது. மருந்தும் மைக்ரோசாஃப்டே கொடுத்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், ஷேர்டுஅக்சஸ் என்ற இடத்துக்குப் போங்கள். கடைசிப் பெயர் இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கலாம். ஹாஸ்டல் தம்பிக்குச் சொன்ன ஷேர்டுஅக்சஸ் வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே புதிதாக ஒரு டிவேர்ட் (எண் மதிப்பு வைக்கிற வரி), பெயர் எனேபிள் ரீபூட் பெர்சிஸ்ட் கனெக்‌ஷன், நான்கு சொல்லையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி ஆங்கிலத்தில் அடியுங்கள், மதிப்பு 1. அப்புறம் சர்வீசஸ் பட்டியலில் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் என்பதைத் திறந்து ஸ்டார்ட்அப் வகையை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். ஒரு தடவை டிக் எடுத்துப் போட்டு ரீபூட் செய்து பாருங்கள். கூடவே டெஸ்க்டாப் தூங்காதபடி பவர் செட்டிங்கில் வையுங்கள், அது தூங்கினால் பழையதற்கும் நெட் தூங்கும்.

பிரிண்டர். ஸ்விட்ச் போட்டுக் கோர்க்கலாம், தாராளமாக. பிரிண்டருக்கு முகவரி மாறிக்கொண்டே இருந்தால் பழைய கம்ப்யூட்டர் அதைத் தொலைத்துவிடும், அதனால் இது ஒன்றுக்கு மட்டும் கையால் போடுங்கள்: 192.168.137.200, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.137.1. இந்த மேல்மூலை எண்ணை விண்டோஸ் வேறு ஏதாவது பெட்டிக்குக் கொடுத்துவிடும் வாய்ப்பு சாஸ்திரத்துக்கு உண்டு, எந்த எண்ணையும் இது இன்னாருக்கு என்று ஒதுக்கி வைக்கிற வசதி இதில் கிடையாது. இரண்டு மூன்று பெட்டி இருக்கிற வீட்டில் நான் அதற்காகக் கவலைப்பட மாட்டேன்.

ஆனால் கீழே இருக்கிற போனிலிருந்து பிரிண்ட் வராது. போன் 192.168.1 தெருவில் இருக்கிறது, பிரிண்டர் 192.168.137 தெருவில், நடுவே உங்கள் டெஸ்க்டாப் ஒருவழிக் கதவு மாதிரி. 137-லிருந்து வெளியே போகலாம், வெளியே இருந்து 137-க்குள் யாரும் தானாக வர முடியாது. கதவில் ஓட்டை போட வழி இருக்கிறது, செய்தாலும் போன் பிரிண்டரைத் தானாகத் தேடும்போது கண்டுபிடிக்காது. போனும் வேண்டும் என்றால் பிரிண்டரை கீழே ஃபைபர் பெட்டியின் லேன் போர்ட்டில் செருகுங்கள். மாடியிலிருந்து டெஸ்க்டாப்பும் பழையதும் இரண்டும் அங்கே பிரிண்ட் அனுப்பலாம், 137-லிருந்து வெளியே போவதற்குத்தான் தடையில்லையே. பிரிண்டரின் 192.168.1 முகவரியைத் தேடிக் கண்டுபிடிக்காமல் கையால் அடித்துச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்விட்ச் காசும் மிச்சம்.

கேபிள் ராஜா – திங்கள் இரவு 9.50

அல்லது மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், இந்த உரையாடலே தேவைப்பட்டிருக்காது. சும்மா சொன்னேன்.

மாடிவீட்டுக்காரன் – செவ்வாய் இரவு 7.15

ரெஜிஸ்ட்ரி வேலை முடிந்தது. வேண்டுமென்றே மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், நான் எதையும் தொடாமலே பழையதில் நெட் வந்துவிட்டது.

கேபிள் ராஜா, மாடிக்குக் கேபிள் இழுக்கச் சுவரில் துளை போடவேண்டும், வெள்ளையடித்து ஆறு மாதம்தான் ஆகிறது. வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது.

பிரிண்டரைக் கீழே இறக்கிவிட்டேன், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இடம் கிடைத்தது. 192.168.1.20 போட்டேன், போனிலிருந்து அடித்தால் வருகிறது, பழைய கம்ப்யூட்டரிலிருந்தும் வருகிறது. பில் அடித்துவிட்டு எடுக்க மாடியிலிருந்து இறங்கிப்போக வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான்.